டோரீன் அரசாங்கமா?

துப்பாக்கி உரிமையைப் பற்றி லியோரா ப்ரெஸ்மன் பாடம் நடத்தப்போன காலையில், துப்பாக்கி வைத்திருக்கும் மாணவர்களில் ஒருவர்கூட வகுப்புக்கு வரவில்லை.

பதின்மூன்று நாற்காலிகளில் ஒன்றில்தான் ஆள் இருந்தது. முன்வரிசையில் இம்மானுவல் சோட்டோ. லாஸ் ஏஞ்சல்ஸ்காரன், இறைச்சி தொடாதவன், தண்ணீர்த் துப்பாக்கியைத் தவிர வேறெதையும் கையில் பிடித்தறியாதவன். அவனுக்கு வெகு பின்னால், சுவரோடு சுவராக, சட்டக் கல்லூரியின் டீன் ரெய்னோ லஹ்தி உட்கார்ந்திருந்தார். முழங்காலின் மேல் ஆரஞ்சு நிறத் தொப்பி ஒன்றைக் கவிழ்த்து வைத்திருந்தார். இழவு வீட்டில் தொப்பியைக் கழற்றி வைத்துக்கொள்வார்களே, அப்படி.

லியோரா வெள்ளைப் பலகையில் வழக்கின் பெயரை எழுதிவிட்டுத் திரும்பினாள். மறுபடி எண்ணிப் பார்த்தாள். சோட்டோ ஒருவன்தான்.

"மத்தவங்கல்லாம் எங்கே?"

"இன்னிக்குப் பதினஞ்சு, ப்ரொபசர்," என்றான் சோட்டோ.

"தெரியும்."

"நவம்பர் பதினஞ்சு."

"அதுக்கென்ன?"

சோட்டோ திரும்பி டீனைப் பார்த்தான். டீன் ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே கல்லூரியின் வண்டி நிறுத்துமிடம் வெறிச்சோடிக் கிடந்தது.

"மான் வேட்டை சீசன் திறக்கிற நாள்," என்றான் சோட்டோ. "எனக்கே போன வருஷம்தான் தெரிஞ்சுது. லாண்டரிக்குப் போனேன், பூட்டியிருந்துது. பல் டாக்டர்கிட்ட போனேன், அங்கயும் பூட்டு. ஊருல யாரோ பெரிய மனுஷன் செத்துட்டான்னு நெனச்சேன்."

லியோராவுக்குக் காது சூடேறியது. இந்த ஏரிக்கரை ஊருக்கு அவள் வந்து ஒன்றேகால் வருடம் ஆகிறது. போன வருடம் பதினைந்து திங்கட்கிழமையில் வந்தது. அவளுக்கு அன்று வகுப்பில்லை, பால்டிமோரில் ஒரு கல்யாணத்தில் இருந்தாள். இந்த இலையுதிர் காலம் முழுக்க, தபால் ஆபீஸ்காரர் முதல் கொதிகலன் ரிப்பேர்காரர் வரை, "எதுவா இருந்தாலும் பதினஞ்சுக்கு அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொன்னபோதெல்லாம், ஏதோ வரி கட்டும் கெடு போலிருக்கிறது என்று தலையாட்டியிருந்தாள்.

இந்தத் தேதியை வைத்தவளும் அவளேதான். அவளுடைய ஒப்பந்தம் இந்த வருடத்தோடு முடிகிறது. டீன் ஒரு வகுப்பை நேரில் பார்த்து அறிக்கை எழுதினால்தான் அது நீளும். எந்த வகுப்பு என்பதை ஆசிரியரே சொல்லலாம். ஆகஸ்ட் மாதத்திலேயே அவள் போன் போட்டு, "நவம்பர் பதினஞ்சு, துப்பாக்கி வழக்கு" என்று சொல்லிவிட்டாள். அவளுடைய மிகச் சிறந்த பாடம் அது. டீன், "நிச்சயமாவா?" என்று கேட்டார். "நிச்சயமா" என்றாள், பெருமையாக.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்," என்றாள் இப்போது.

"நீங்க தெரிஞ்சேதான் வெக்கிறீங்கன்னு நெனச்சேன். துப்பாக்கி வழக்கு, அதுவும் பதினஞ்சாம் தேதி. இந்த ஊர்க்காரனுங்களுக்கு ஏதோ பாடம் கத்துக்குடுக்கப் போறாங்கன்னு நெனச்சேன்." டீன் தொப்பியைத் திருப்பி வைத்தார். "கொஞ்சம் பயந்துகூடப் போனேன்."

"வேற நாள் வெச்சுக்கலாமா?"

"அறிக்கை நாளைக்குக் காலையில கமிட்டிக்குப் போயாகணும்."

"அப்போ சோட்டோவுக்கு மட்டும் நடத்துறேன்."

"மாணவர்கள்ல பாதிப்பேராவது இருக்கணும்னு விதி." டீன் அதை வருத்தத்தோடுதான் சொன்னார். ஆனால் விதியைச் சொல்லும்போது அவர் குரல் எப்போதும் ஒரு படி ஏறிவிடும். எழுத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் சட்டம், எழுதியவன் மனதில் என்ன இருந்தது என்பது அவன் பெண்டாட்டிக்கே தெரியாது என்று முப்பது வருடமாகப் பாடம் நடத்தியவர்.

லியோராவின் வீட்டில் சமையல் சாமான் பெட்டிகள் இரண்டு இன்னும் பிரிக்கப்படாமல் கிடந்தன. இதற்கு முன் வேலை பார்த்த இரண்டு ஊர்களிலும் அவை பிரிக்கப்படவில்லை. பிரித்த மறுவாரமே கட்ட வேண்டி வந்துவிடுமோ என்ற பயம். இந்த முறை ஒப்பந்தம் நீண்டால் பிரித்துவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். பெரிய வாணலியை எங்கே மாட்டுவது என்பதுவரை யோசித்து வைத்திருந்தாள்.

அவள் பலகையை அழிக்கத் தொடங்கினாள்.

"வெஸ் பென்ஹேல் இன்னிக்கு எங்க இருப்பான்?" என்று டீன் திடீரென்று சோட்டோவைக் கேட்டார்.

"அவங்க குடும்பத்து வேட்டைக் கேம்ப்ல சார். நம்ம கிளாஸ்ல சொந்தக் கேம்ப் இல்லாத அஞ்சு பேரும் அங்கதான். என்னையும் கூப்பிட்டான்."

"அவனோட ஆறு. உன்னோட ஏழு." டீன் எழுந்தார். "விதியில 'மாணவர்கள்'னு இருக்கு. 'பாதிப்பேர்'னு இருக்கு. 'வகுப்பறை'ன்னு எங்கயாவது இருக்கா?"

"இல்லையா?" என்றாள் லியோரா.

"ஒரு இடத்துலயும் இல்லை," என்று சொல்லித் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார் டீன். முப்பது வருடத்தில் எந்த விதியும் அவரை இவ்வளவு சந்தோஷப்படுத்தியதில்லை என்று தோன்றியது.

அவருடைய டிரக்கின் பின் இருக்கையில், உறையிட்ட ரைஃபிள் ஒன்று முன்கூட்டியே படுத்திருந்தது.

*

பென்ஹேல் கேம்ப், ஊருக்கு வடக்கே காட்டுக்குள் இருந்த ஒற்றை அறை மரவீடு. அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மதியம். மானுக்காகக் காலையிலிருந்து மரத்துமேல் பரண்களில் உறைந்து கிடந்தவர்கள் சாப்பாட்டுக்காக ஒவ்வொருவராகத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். மான் என்று நினைத்து யாரும் சுட்டுவிடாமலிருக்க, லியோரா டீன் கொடுத்த ஆரஞ்சு மேலங்கியில் இருந்தாள். அது அவளுக்கு முழங்கால்வரை வந்தது. சோட்டோவுக்குக் காது மூடும் ஆரஞ்சுக் குல்லா.

வாசலை அடைத்துக்கொண்டு ஒரு பெண் நின்றாள். அறுபது வயதிருக்கும். கையில் கரண்டி. வெஸ்ஸின் அத்தை டோரீன்.

"காலி பண்ணிட்டு உள்ள வா, ரெய்னோ."

"நான் இன்னும் சுடவே ஆரம்பிக்கல, டோரீன்."

"நீ எந்த வருஷம்தான் ஆரம்பிச்சே? காலி பண்ணு."

டீன் முனகிக்கொண்டே உறையைப் பிரித்தார். ரைஃபிளின் முதுகிலிருந்து ஒரு சாண் நீள எஃகுத் துண்டை உருவி எடுத்தார். போல்ட் என்பார்கள். அது இல்லாவிட்டால் அத்தனை பெரிய துப்பாக்கியும் வெறும் தடிதான். வாசலுக்கு உட்புறம் சுவரில் வரிசையாக ஆணிகள். ஒவ்வொரு ஆணியிலும் ஒரு கம்பளிக் காலுறை. டீன் தன் போல்ட்டை ஒரு சாம்பல் நிறக் காலுறைக்குள் போட்டுவிட்டு, தடியாகிவிட்ட துப்பாக்கியை எதிர்ச்சுவரில் சாய்த்தார். அங்கே ஏற்கெனவே ஆறேழு தடிகள் சாய்ந்திருந்தன.

"உன் கையில என்ன?" என்றாள் டோரீன், லியோராவிடம்.

"புத்தகம்தான்."

"அது இருக்கட்டும். தானா வெடிக்காது."

உள்ளே அடுப்பின் சூடும் ஈரக் கம்பளியின் நாற்றமும் கலந்து முகத்தில் அடித்தன. அடுப்பின் மேல் ஒரு பெரிய சூப் பானை. அதன் மூடியில் விரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. அதன் வழியே ஆவி நேராக மேலே போய்க்கொண்டிருந்தது.

"அந்த ஓட்டை யார் போட்டது தெரியுமா ப்ரொபசர்?" என்றான் வெஸ் பென்ஹேல். ஆறடி உயரம், வகுப்பில் கடைசி பெஞ்சு, செப்டம்பரிலிருந்து இன்றுவரை வாயே திறக்காதவன். அவன் பேசிக் கேட்டதில் லியோராவுக்கு முதலில் கேள்வியே மனதில் ஏறவில்லை. "எங்க ஏர்ல் சித்தப்பா. லோட் பண்ணின துப்பாக்கியோட உள்ள வந்து, பூட்ஸ் கழட்டக் குனிஞ்சாரு. டமால். மூடி, பானை, சூப் எல்லாம் காலி. அத்தனை பேரும் பட்டினி. மறுநாளே அத்தை ஆணி அடிச்சாங்க."

"முப்பது வருஷமாச்சு!" என்று மேல்படுக்கையிலிருந்து ஒரு குரல் வந்தது. ஏர்ல் அங்கே படுத்து, கறியும் கிழங்கும் அடைத்துச் சுட்ட பாஸ்டி ரொட்டி ஒன்றைத் தின்றுகொண்டிருந்தார். "கொலை பண்ணினவனைக்கூட இருபது வருஷத்துல விட்டுடறாங்க."

"கொலை பண்ணியிருந்தா நானும் விட்டிருப்பேன்," என்றாள் டோரீன். "அது மாட்டு எலும்பு சூப்பு."

டீன் சாப்பாட்டு மேஜையின் ஓரத்தில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைக் கழற்றி முன்னால் வைத்தார். வகுப்பு தொடங்கிவிட்டது என்று லியோராவுக்குப் புரிந்தது. மாணவர்கள் பெஞ்சுகளில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். பாஸ்டிக்குத் தக்காளி சாஸா, கறிக்குழம்பா என்ற சண்டை பாதியில் நின்றது. அவளுக்கும் ஒரு பாஸ்டி வந்தது. தட்டில் ஒரு சின்ன உலக்கைபோல் கிடந்தது. சோட்டோவுக்கு டோரீன் வேகவைத்த கிழங்கு மட்டும் வைத்தாள், நோயாளிக்கு வைப்பதுபோல.

"வெஸ்," என்றாள் லியோரா. "வழக்கோட கதையைச் சொல்லுங்க."

வகுப்பில் என்றால் வெஸ் தரையைப் பார்த்திருப்பான். இங்கே அவன் அத்தை கரண்டியோடு பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் தொண்டையைச் செருமினான்.

"வாஷிங்டன் நகரத்துல ஒரு காவலாளி, ஹெல்லர்னு பேரு. வேலை நேரத்துல அரசாங்கக் கட்டடத்தைக் காக்கறதுக்குக் கைத்துப்பாக்கி வெச்சிருப்பார். வீட்டுக்குப் போனா வெச்சுக்க முடியாது. நகரத்துச் சட்டம். அவர் கேஸ் போட்டார். உச்ச நீதிமன்றம், அஞ்சுக்கு நாலு, அவர் பக்கம் தீர்ப்பு சொல்லிச்சு. அரசியல் சாசனத்தோட இரண்டாம் திருத்தம் குடுக்கிற துப்பாக்கி உரிமை, பட்டாளத்துல இருக்கிறவனுக்கு மட்டும் இல்லை, வீட்டைக் காத்துக்க நெனக்கிற தனி ஆளுக்கும் உண்டுன்னு."

"நல்லா சொன்னீங்க. நகரத்துச் சட்டத்துல இன்னொரு பகுதியும் இருந்துதே. ரைஃபிள் மாதிரி நீளத் துப்பாக்கிகளைப் பத்தி?"

"அதை வீட்டுல வெச்சுக்கலாம். ஆனா லோட் பண்ணாம, ஒண்ணு பூட்டுப் போட்டு வெக்கணும், இல்லைன்னா பிரிச்சு..."

வெஸ் நிறுத்தினான். அவன் கண் வாசல் பக்கம் போனது. எல்லோருடைய கண்ணும் போனது. காலுறைகள் பாரம் தாங்காமல் நீண்டு தொங்கிக்கொண்டிருந்தன.

"பிரிச்சு வெக்கணும்," என்று மெதுவாக முடித்தான்.

"அதுக்குக் கோர்ட்டு என்ன சொல்லிச்சு?" என்று மேல்படுக்கையிலிருந்து ஏர்ல் கேட்டார்.

"அவசரத்துக்கு உதவாதபடி பிரிச்சு வெக்கச் சொல்றது செல்லாதுன்னு..."

ஏர்ல் படுக்கையிலிருந்து இறங்கினார். முப்பது வருடமாக யாரோ தனக்குத் தர வேண்டியிருந்த கடிதம் இன்றுதான் வந்து சேர்ந்தது போன்ற முகம்.

"ஏய், அப்போ எங்க அக்கா முப்பது வருஷமா அரசியல் சாசனத்தை மீறிக்கிட்டு இருக்காளா?"

பெஞ்சுகள் அதிரும் சிரிப்பு. ஏர்ல் நேராக ஆணிகளை நோக்கி நடந்தார். டோரீன் கரண்டியைக் குறுக்கே நீட்டினாள்.

"சாசனம் வாசலோட சரி. இது என் அடுப்பங்கரை."

"டீச்சரம்மாவைக் கேளு! படிச்சவங்க சொல்லட்டும்!"

எல்லோரும் லியோராவைப் பார்த்தார்கள். அவள் மணிக்கணக்கில் தயாரித்திருந்த குறிப்பில் அடுப்பங்கரை வரவில்லை. ஆனால் நல்ல கேள்வியை வீணாக்கக் கூடாது என்ற ஆசை, வேலை போய்விடும் என்ற பயத்தைவிட ஒரு கணம் பெரிதாக இருந்தது.

"சாசனம் அரசாங்கத்தைத்தான் கட்டுப்படுத்தும்," என்றாள். "உங்களை, என்னைக் கட்டுப்படுத்தாது. அதனால கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். டோரீன் அரசாங்கமா?"

"வேற யாரு?" என்றார் ஏர்ல்.

அவளுடைய வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. மனசு எந்தப் பக்கமோ அதற்கு எதிர்ப்பக்கம்தான் வாதாட வேண்டும். ஐந்து ரைஃபிளுக்குச் சொந்தக்காரனான வெஸ் டோரீனின் வக்கீலானான். கிழங்கு தின்றுகொண்டிருந்த சோட்டோ, ஏர்லின் துப்பாக்கி உரிமைக்கு வக்கீலானான்.

"இவனா எனக்கு?" என்றார் ஏர்ல். "இவன் முட்டைகூடத் தின்ன மாட்டானே!"

சோட்டோ குல்லாவைக் கழற்றிவிட்டு எழுந்தான். "கனம் நீதிபதிகளே. இங்க சட்டம் போடறது யார்? டோரீன். யார் முதல்ல குளிக்கணும், யார் பாத்திரம் தேய்க்கணும்னு உத்தரவு போடறது? டோரீன். மீறினவனைப் பட்டினி போடறது? டோரீன். இந்த கேம்ப் நிக்கிறதே அரசாங்கக் காட்டுல, குத்தகை நிலத்துல. அரசாங்க நிலத்துல நின்னு, அரசாங்க வேலை எல்லாத்தையும் பண்ற ஒருத்தர் அரசாங்கம் இல்லைன்னா, வேற யார் அரசாங்கம்?"

"என் ராசா!" என்றார் ஏர்ல். தன் பாஸ்டியில் பாதியைப் பிட்டு அவனிடம் நீட்டிவிட்டு, நினைவு வந்து திரும்ப எடுத்துக்கொண்டார்.

வெஸ் எழுந்தபோது தலை உத்தரத்தில் இடித்தது. "அரசாங்கம்னா நாம ஓட்டுப் போட்டுக் கொண்டு வரணும். அத்தையை யாரும் தேர்ந்தெடுக்கலை. அத்தை வந்தாங்க, அவ்வளவுதான். நிலம் யாரோடதா இருந்தா என்ன? ஆணியை அடிக்கச் சொல்லி அரசாங்கம் சொல்லலையே. அப்புறம், அரசாங்கத்தைப் பிடிக்கலைன்னா அதை விட்டு எழுந்து போக முடியாது. இங்க பிடிக்கலைன்னா, அதோ கதவு."

"கதவுக்கு வெளிய பனி," என்றான் சோட்டோ.

"குளிர் சாசனத்துல இல்லை."

லியோரா டீனைப் பார்த்தாள். அவர் கடிகாரத்தைப் பார்ப்பதை எப்போதோ நிறுத்தியிருந்தார். வெஸ் இப்படிப் பேசுவான் என்று அவளுக்கும் தெரியாது, அவனுக்கும் தெரிந்திருக்காது. இதற்காகத்தான் வாத்தியாரானோம் என்று அவளுக்குப் பெருமை பொங்கியது. அதை மறைக்கப் பாஸ்டியைக் கடித்தாள். அது உள்ளே எரிமலையாக இருந்தது.

"ஓட்டுக்கு விடுங்க!" என்றார் ஏர்ல். "ஒன்பது நீதிபதி வேணும்."

மாணவர்கள் ஏழு பேர். டீனையும் இழுத்து எட்டாக்கினார்கள். டோரீனுக்கு ஆதரவாக நான்கு கைகள் உயர்ந்தன. நான்கும் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களுடையவை, வெஸ்ஸையும் சேர்த்து. ஏர்லுக்கு நான்கு. நான்காவது கை டீனுடையது. எழுத்தில் இருப்பதுதான் சட்டம் என்று முப்பது வருடம் பேசிய கை, கொஞ்சமும் கூசாமல் மேலே நின்றது.

"ரெய்னோ!" என்றாள் டோரீன். "உனக்கு நல்லாவே தெரியும், நான் அரசாங்கம் இல்லைன்னு."

"எனக்கு என் போல்ட் வேணும்," என்றார் டீன்.

ஒன்பதாவது ஓட்டு லியோராவுடையது. டீன் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் மிரட்டல் எதுவும் இல்லை. சீசனின் முதல் நாள் காலையைத் தன் மொத்த வாழ்நாளில் முதன்முறையாக இழந்த ஒரு மனிதனின் ஏக்கம்தான் இருந்தது. மிரட்டலாக இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவளுக்கு அந்த இரண்டு பெட்டிகள் நினைவுக்கு வந்தன, பெரிய வாணலி நினைவுக்கு வந்தது. தீர்ப்பு யாருக்கு வலிக்கும் என்று நீதிபதி பார்க்கக் கூடாது என்று போன வாரம்தான் இதே பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்தாள். அப்போது அது சொல்வதற்கு நன்றாக இருந்தது.

"டோரீன் அரசாங்கம் இல்லை," என்றாள். "ஆணி இருக்கட்டும்."

அடுப்புப் பக்கம் ஆரவாரம். ஏர்ல் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு பெஞ்சில் சரிந்தார். டீன் கையை இறக்கிக் கடிகாரத்தை எடுத்தார். அப்போதுதான் சோட்டோ, "ப்ரொபசர்," என்று மெல்லச் சொன்னான். "ஜன்னல்ல ஒருத்தர் நிக்கறாரு."

விறகு அடுக்குக்குப் பக்கத்தில், டோரீன் காலையில் கொட்டிய கிழங்குத் தோலை மென்றுகொண்டு ஒரு கலைமான் நின்றது. கொம்புகள் ஒரு சின்ன மரத்தைப் பிடுங்கித் தலையில் வைத்ததுபோல் இருந்தன. கூரிய குளம்பு ஒன்றைத் தூக்கி வைத்து, வகுப்பைக் கவனிப்பதுபோல் உள்ளே பார்த்தது.

அடுத்த நொடி துப்பாக்கிக்காரர்கள் எட்டுப் பேரும் ஆணிகள்மேல் விழுந்தார்கள்.

"அது என் காலுறை!"

"தள்ளுடா!"

"சாம்பல் கலர் என்னுது, சாம்பல் கலர்!"

"எல்லாமே சாம்பல் கலர்தான்டா!"

காலுறைகள் பறந்தன. போல்ட்டுகள் தரையில் உருண்டன. டீன் ஒன்றைப் பிடித்து ரைஃபிளுக்குள் திணித்தார். அது ஏறவில்லை, ஏர்லுடையது. ஏர்ல் டீனுடைய போல்ட்டோடு மல்லுக்கட்டினார். இருவரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து, ஒருவர் கையை ஒருவர் பார்த்து, மாற்றிக்கொள்ள ஓடி, தலையில் முட்டிக்கொண்டார்கள். யாரோ கதவை உதைத்துத் திறந்தார்கள். மான் வாயில் இருந்ததை மென்று விழுங்கியது. பிறகு, அவசரமே இல்லாமல், வெள்ளை வாலைத் தூக்கிக் காட்டிவிட்டு மரங்களுக்குள் நடந்து போனது.

ஒவ்வொருவராகக் குனிந்து தரையில் உருண்ட போல்ட்டுகளைப் பொறுக்கினார்கள்.

"அவசரத்துக்கு உதவாதபடி," என்றார் ஏர்ல், நெற்றியைத் தேய்த்துக்கொண்டே. "கோர்ட்டு சரியாத்தான்டா சொல்லியிருக்கு."

"என் மூடியில ரெண்டாவது ஓட்டை விழலையே," என்று டோரீன் சூப்பைக் கிளறினாள்.

டீன் கடிகாரத்தைக் கையில் கட்டிக்கொண்டு, தன் போல்ட்டை வாங்கிக்கொண்டு, காட்டுக்குள் போனார். வகுப்பு நேரம் முடிந்திருந்தது.

*

பொழுது சாயும்வரை லியோரா டோரீனோடு உட்கார்ந்து கிழங்கு உரித்தாள். டிரக் டீனுடையது, அவர் வந்தால்தான் அவளும் சோட்டோவும் போக முடியும். சோட்டோவோ ஏர்லின் புதுக் கூட்டாளியாகிவிட்டான். அவர் அவனை அன்று இரவு அங்கேயே தங்க வைத்துவிட்டார், மேல்முறையீட்டுக்கு யோசனை கேட்க.

"ரெய்னோ சின்ன மனசுக்காரன் இல்லை," என்றாள் டோரீன். "ஆனா அந்த மானோட கொம்பு பெருசு. அதையும் பாக்கணும்."

டீன் வெறுங்கையோடு வந்தார். மீசையில் பனி. அவளை ஏறச் சொல்லித் தலையசைத்தார். காட்டுப் பாதையில் டிரக் குலுங்கிக் குலுங்கிப் போனது. லியோரா மனதுக்குள் பெட்டிகளை இன்னொரு ஊருக்கு ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தாள்.

வளைவில் டீன் பிரேக்கை மிதித்தார்.

முன்விளக்கு வெளிச்சத்தில், பாதையின் நட்டநடுவில், அதே மான். அதே கொம்பு. பத்தடி தூரம்தான் இருக்கும். அது வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றது.

டீனின் கை ஸ்டியரிங்கை விட்டு நகரவில்லை. இருட்டியதோடு அன்றைக்குச் சுடுவதற்கான நேரம் முடிந்துவிட்டது. ரைஃபிள் சட்டப்படி காலியாக, சட்டப்படி உறைக்குள், பின் இருக்கையில் கிடந்தது.

"இங்க யாரும் இல்லை," என்றாள் லியோரா. வகுப்பில் கற்பனைக் கேள்வி போடும் பழக்கம் அவளை விடவில்லை. "சுட்டா யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். நீங்க உடனே அதைப் பரீட்சைக் கேள்வியாக்கிடுவீங்க." அவர் பெருமூச்சு விட்டார். "அறிக்கையில மூணு வருஷம் நீட்டிக்கச் சொல்லி எழுதறேன்."

லியோராவுக்குச் சரியாகத்தான் கேட்டதா என்று சந்தேகம். "எப்போ முடிவு பண்ணினீங்க?"

"எனக்கு எதிரா ஓட்டுப் போட்டீங்களே, அப்போ. அது சரியான சட்டம். ரெண்டு நிமிஷம் கழிச்சு, அந்த மான் போனதும், முடிவை மாத்திக்கிட்டேன். அப்புறம் மரத்துமேல குளிர்ல உக்காந்து யோசிச்சு மறுபடி மாத்தினேன். பென்ஹேல் பையன் நாலு வாக்கியம் சேர்ந்தாப்போலப் பேசினான். அவன் தாத்தா காலத்துலேருந்து அந்தக் குடும்பத்துல ஆம்பளைங்க அவ்வளவு பேசினதில்லை."

மான் ஒரு காலை எடுத்து வைத்து, மறுபடி நின்றது.

"ஒண்ணு மட்டும்," என்றார் டீன். "இந்த மானை நாம பாக்கலை. பத்தடி தூரத்துல அது நின்னு, நான் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன்னு ஏர்லுக்குத் தெரிஞ்சா, என் கல்லறைக்கு வந்து சிரிப்பான். யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது."

"இது வேண்டுகோளா சார், உத்தரவா?"

"உத்தரவுன்னே வெச்சுக்கங்க."

லியோரா ஆரஞ்சு மேலங்கியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். காலையிலிருந்து முதன்முறையாக அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"அது முடியாதே சார், சாசனத்துல பேச்சுரிமையும் இருக்கே. கண்ணால கண்டதை வெளிய பேசக் கூடாதுன்னு உத்தரவு போட, நீங்க டோரீன் இல்லை. நீங்க அரசுக் கல்லூரியோட டீன். நீங்க அரசாங்கம்."

டீன் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மெல்ல முன்னால் சாய்ந்து, ஸ்டியரிங்மேல் நெற்றியை வைத்தார். ஏர்லோடு முட்டிய இடம் போலிருக்கிறது, முகத்தைச் சுளித்தார். ஹார்ன் நீளமாக அலறியது.

"டோரீனாவே பொறந்திருக்கலாம்," என்றார், நெற்றியை எடுக்காமல்.

மான் அந்தச் சத்தத்துக்கும் ஓடவில்லை. திரும்பி ஒரு முறை பார்த்துவிட்டு, பாதையின் மறுபக்கத்துக்கு நடந்து போனது.